கறையான் அரித்ததும் கல் காத்ததும்
மறைநூல்கள் பேணப்பட்ட கதைகள் பற்றிய ஒரு நோக்கு

சமய நூல் ஒவ்வொன்றும் இரண்டு வரலாறுகளை உடையது. தோன்றிய வரலாறு ஒன்று. தோன்றிய பின் அழியாது கைமாறி வந்த வரலாறு மற்றொன்று. முன்னையது பற்றி அடியாரும் ஆய்வாளரும் விரிவாகவே பேசியுள்ளனர். பின்னையதோ பெரும்பாலும் 'இறைவன் காத்தான்' என்ற ஒரு தொடரோடு முடிந்துவிடுகிறது. பக்திக்கு அத்தொடர் போதுமானது. இலக்கிய மாணவனுக்கு அது போதாது. காத்தவன் இறைவனேயெனினும், எவருடைய கையாற் காத்தான், எதனைக் காத்தான், எதனைக் காவாது விட்டான் என்ற வினாக்கள் எஞ்சி நிற்கின்றன.

இவ்வினாக்களுக்குச் சமயங்கள் விடை கூறாமல் இல்லை. அவற்றைக் கதை வடிவிற் கூறியுள்ளன. தேவாரம் தில்லையிற் கண்டெடுக்கப்பட்ட கதை, நாலாயிரம் குருகூரில் மீண்ட கதை, எபிரேய வேதம் அலெக்சாந்திரியாவிற் கிரேக்கமான கதை ஆகியன அத்தகையன. இவை இவ்வாறே நிகழ்ந்தனவா என்ற வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் இழப்பையோ மாற்றத்தையோ எதிர்கொண்ட சமுதாயம் அதனை எவ்வாறு கதையாக்கிற்று, அக்கதை எதனை வெளிப்படுத்துகிறது, எதனை மறைக்கிறது என்பனவே இங்கு நோக்கப்படுகின்றன.

தில்லையில் ஒரு பூட்டிய அறை

உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் திருமுறைகண்ட புராணம் அளவிற் சிறிய நூல். ஆயினும் தமிழ்ச் சைவம் தன்னைத் தானே புரிந்துகொண்ட முறையை உருவாக்கிய நூல்களுள் அதுவும் ஒன்று. அது கூறும் கதை பலரும் அறிந்ததே. மூவர் பாடல்களில் ஈடுபட்ட சோழ மன்னன் அவற்றின் தொகுதியைத் தேடுகிறான். திருநாரையூரில் பொல்லாப்பிள்ளையாரின் அருளைப் பெற்ற நம்பியாண்டார் நம்பியை நாடுகிறான். ஏடுகள் தில்லைப் பொன்னம்பலத்தின் மேற்றிசையில், மூவரின் கையடையாளத்துடன் பூட்டப்பட்ட அறையில் உள்ளன எனப் பிள்ளையார் உணர்த்துகிறார். மூவரும் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்கின்றனர் தில்லை அந்தணர். மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பிக்கிறான். உள்ளே ஏடுகள் மீது புற்று மூடிக் கிடக்கிறது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி அழிந்திருக்கக் காண்கிறான், கலங்குகிறான். அப்போது அசரீரி எழுகிறது. இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்து ஏனையவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்பது அதன் கருத்து.

மூவர் பாடிய பதிகங்கள் ஒரு இலட்சத்து மூவாயிரம் என்பது மரபு. இன்றுள்ளவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. மரபு கூறும் எண்ணை அவ்வாறே ஏற்கவேண்டியதில்லை. எனினும் அவ்வெண்ணின் பொருள் தெளிவானது. கையில் உள்ளதைவிடக் கைவிட்டுப் போனது பன்மடங்கு பெரிது என்பதைச் சைவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வைத் தாங்கிக்கொள்வதற்கு அசரீரி தேவைப்பட்டது.

இக்கதையை மேலோட்டமாக வாசிப்போர் அசரீரியையே அதன் உச்சமாகக் கொள்வர். கதையின் அமைப்பை உற்று நோக்கின் வேறொன்று புலனாகும். அசரீரி முதலில் ஒலிக்கவில்லை. மன்னன் தேடுகிறான், நம்பியிடம் கேட்கிறான், கதவைத் திறக்க வழி காண்கிறான், எண்ணெய் சொரிகிறான், ஏட்டைக் கையில் எடுக்கிறான், அழிவைக் கண்டு கலங்குகிறான். இத்தனைக்கும் பின்னரே வானிற் குரல் கேட்கிறது. அறை பூட்டியிருக்கும்போதே 'வேண்டுவன எஞ்சியிருக்கும்' என்று அக்குரல் ஒலித்திருப்பின் எவரும் கதவைத் திறந்திரார். புற்று வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். உழைப்பு முடிந்த இடத்தில் வரும் ஆறுதலாகவே அருள் இங்கு வைக்கப்பட்டுள்ளது. உழைப்புக்குப் பதிலாக அது வைக்கப்படவில்லை. இவ்வரிசைமுறை தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆயினும் கதையின் அறம் முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது.

கதை இத்துடன் முடிவதுமில்லை. எழுத்துக் கிடைத்தது; பண் கிடைக்கவில்லை. மீண்டும் அருள்வாக்குப் பிறக்கிறது. அது மன்னனையும் நம்பியையும் திருஎருக்கத்தம்புலியூருக்கு அனுப்புகிறது. அங்கு திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண்களை வகுத்துத் தருகிறாள். அரசன், அந்தணர், அடியார் என்போரைச் சுற்றி எழுந்த கதையில், பாடல்களுக்கு உயிர் கொடுத்தவள் பாணர் குலத்துப் பெண் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவளுடைய பெயரைப் புராணம் தரவில்லை. மறைநூல்களைக் காத்த கைகளிற் பெரும்பாலானவை பெயரில்லாத கைகளே என்ற உண்மை, ஆசிரியர் கருதாமலேயே இங்கு பதிவாகியுள்ளது எனலாம்.

கல்வெட்டுக் கூறும் மறுகதை

புராணம் ஒன்றைக் கூறக் கல்வெட்டுகள் சற்று வேறொன்றைக் கூறுகின்றன. கதையிற் சுட்டப்படும் சோழன் முதலாம் இராசராசன் (985-1014) என்பது பெருவழக்கு. அது குறித்துக் கருத்து வேறுபாடும் உண்டு. எவ்வாறாயினும், அவன் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட பல்லவர் காலத்திலேயே திருவல்லத்துக் கோயிலில் திருப்பதியம் பாடுவோர் இருந்தமையை மூன்றாம் நந்திவர்மனின் கல்வெட்டு அறிவிக்கிறது. தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கு இராசராசன் 48 பிடாரர்களையும், அவர்களுடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்த செய்தி அக்கோயிற் கல்வெட்டில் உள்ளது. ஆகவே தேவாரம் முற்றாக மறைந்து, ஓர் அறைக்குள் மட்டும் உறங்கிக் கிடந்தது என்று கொள்வதற்கில்லை. பல ஊர்களிற் பல தொண்டைகளில் அது பாடப்பட்டே வந்தது. தில்லையில் நிகழ்ந்தது தொகுப்பு. கண்டுபிடிப்பு என்பது அத்தொகுப்புக்குப் புராணம் தந்த வடிவம்.

இதனினும் நுட்பமான சான்று ஒன்று உண்டு. 1917ஆம் ஆண்டில் திருவிடைவாயிற் கோயிலிலே கல்வெட்டாக ஒரு பதிகம் கண்டறியப்பட்டது. சம்பந்தர் பாடலாக ஏற்கப்பட்ட அப்பதிகம் தில்லையிற் கிடைத்த தொகுதியைச் சேர்ந்ததன்று. அஃதாவது, கறையான் தின்றதாகக் கருதப்பட்டவற்றுள் ஒன்றை, எவரோ ஒரு சிற்றூர்க் கோயிலில் எவரோ ஒரு சிற்பி கல்லில் வெட்டி வைத்திருந்தான். இன்று அப்பதிகமும் தேவாரப் பதிப்புகளில் இடம்பெறுகிறது. சைவ உலகம் அதனை மகிழ்ந்தே ஏற்றுக்கொண்டது.

வேண்டுவன மட்டுமே எஞ்சின என்ற அசரீரியின் கூற்றைச் சொல்லளவிற் கொள்வோருக்கு இப்பதிகம் ஓர் இடர்ப்பாடாகும். வேண்டாதது என விடப்பட்டது ஏன் மீண்டும் வந்தது? அடியவர், இக்காலத்துக்கு அது வேண்டியதாயிற்று என விடை கூறக்கூடும். அவ்விடையை மறுக்க இயலாது. மறுக்க இயலாமையே அதன் குறைபாடுமாகும். எது கிடைத்தாலும் அருள், எது கிடையாவிடினும் அருள் என்னும்போது அச்சொல் நிகழ்ந்ததை விளக்கும் ஆற்றலை இழந்து, நிகழ்ந்ததற்கு இடப்படும் முத்திரையாக மட்டும் நின்றுவிடுகிறது. திருவிடைவாய்க் கல்லோ ஒரு திட்டமான பாடத்தைக் கற்பிக்கிறது. ஓரிடத்திற் பூட்டி வைத்தது அழிந்தது. பலவிடத்திற் பரவியிருந்தது பிழைத்தது.

நாலாயிரம் மீண்ட கதையைத் தேவாரக் கதையோடு ஒப்பிடுவது பயன்தருவது. கும்பகோணத்துப் பதிகம் ஒன்றைப் பாடக் கேட்ட நாதமுனிகள், அது ஆயிரத்துள் ஒரு பத்து என அறிந்து எஞ்சியதைத் தேடிக் குருகூர் சென்றார் என்றும், மதுரகவியாழ்வாரின் பாசுரத்தைப் பன்னீராயிரம் முறை ஓத, நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்றும் வைணவ மரபு கூறும். இங்கே புற்றுமில்லை, இழப்புமில்லை. சைவக் கதை எச்சத்தைத் தருகிறது; வைணவக் கதை முழுமையைத் தருகிறது. முழுமை தரும் கதை இனிமையானது. எச்சம் தரும் கதை உண்மைக்கு அண்மையானது. நூலொன்று காலத்தைக் கடந்து வருகையில் சேதமின்றி வருவதில்லை என்ற பட்டறிவு திருமுறைகண்ட புராணத்திலே தெளிவாக உண்டு.

எழுபத்திருவரும் தனித்தனி அறைகளும்

பாதுகாப்புப் பற்றிய கதைகள் இத்தகையனவாக, மொழிபெயர்ப்புப் பற்றிய கதைகள் இன்னும் கடினமான பணியை ஆற்றவேண்டியனவாகின்றன. ஏடு அழியினும் எஞ்சியது அதே சொல். மொழிபெயர்ப்பிலோ சொல்லே மாறிவிடுகிறது. மாறிய சொல்லும் இறைவாக்குத்தானா என்ற ஐயத்துக்கு யூதரும் ஆதிக் கிறித்தவரும் கண்ட விடை, எழுபத்திருவர் கதையாகும்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் அரிஸ்தியசின் கடிதம் இக்கதையின் மிகப் பழைய வடிவத்தைத் தருகிறது. எகிப்தை ஆண்ட இரண்டாம் தொலமியின் நூலகத்துக்கென யெருசலேமிலிருந்து கோத்திரத்துக்கு அறுவராக எழுபத்திரண்டு முதியோர் வருகின்றனர். எழுபத்திரண்டு நாளில் யூதச் சட்டநூலைக் கிரேக்கத்திற் பெயர்க்கின்றனர். அவர்கள் பெயர்த்த முறையைக் கடிதம் வெளிப்படையாகவே கூறுகிறது. ஒருவர் செய்ததை மற்றவர் செய்ததோடு ஒப்பிட்டுக் கலந்துபேசி இணக்கங் கண்டனர். இக்காலத்து மொழிபெயர்ப்புக் குழுவொன்றின் நடைமுறையும் ஏறத்தாழ இதுவே.

காலம் செல்லச் செல்லக் கதை மாறுகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பைலோ, கண்ணுக்குப் புலப்படாத ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியவர்போல் அனைவரும் ஒரே சொற்களை எழுதினர் என்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் இரேனியஸ், மன்னன் அவர்களைத் தனித்தனியே பிரித்து வைத்தான் என்றும், பின்னர் ஒப்பிட்டபோது எல்லாம் ஒன்றாகவே இருந்தன என்றும் எழுதுகிறார். நான்காம் நூற்றாண்டின் எப்பிபானியஸ் இருவர் இருவராக முப்பத்தாறு அறைகளை அமைத்துவிடுகிறார். கதையில் அற்புதம் வளருந்தோறும் மனிதர் கலந்துபேசிய ஓசை தேய்ந்து, இறுதியில் முற்றாக அடங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் எழுதுகோல்களாகச் சுருங்கிவிடுகின்றனர். தமிழ்ப் புராணம் எண்ணெய் சொரிந்த கையை மறவாது வைத்திருக்க, இக்கதையின் பிற்கால வடிவங்கள் கையையே துடைத்துவிட்டமை இங்கு ஒப்பு நோக்கற்பாலது.

இப்போக்கை முதன்முதலில் துணிந்து மறுத்தவர் ஒரு மொழிபெயர்ப்பாளரே. எபிரேய மூலத்திலிருந்து இலத்தீனுக்கு வேதாகமத்தைப் பெயர்த்த ஜெரோம், தனி அறைக் கதையைப் பொய்யெனத் தள்ளினார். தீர்க்கதரிசியாக இருப்பது வேறு, மொழிபெயர்ப்பாளனாக இருப்பது வேறு என்பது அவர் வாதம். முன்னவனுக்கு ஆவி வேண்டும்; பின்னவனுக்குக் கல்வியும் சொல்வளமும் வேண்டும். சமகாலத்தவரான அகஸ்தீனோ எழுபத்திருவரின் வேறுபாடுகளிற்கூட ஆவியின் செயலைக் கண்டார். 403ஆம் ஆண்டளவில் அவர் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சி குறிக்கப்படுகிறது. இன்றைய திரிப்போலி உள்ள இடத்தில் இருந்த ஓயா நகரத்து ஆயர், ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பைக் கோயிலில் வாசிப்பித்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடியின் பெயர், மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த பெயராக இல்லை. சுரை எனப் பழகியிருந்தது வேறொரு கொடியாயிற்று. சபை கொதித்தெழுந்தது. தம் மந்தையை இழக்கும் நிலைக்கு ஆளான ஆயர் பழைய சொல்லுக்கே இணங்க நேர்ந்தது.

ஒரு செடியின் பெயருக்காக எழுந்த இக்கலகத்தை நகைப்புக்குரியதாகக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்வது மக்களின் உணர்வை அறியாமையாகும். அவர்களுக்கு இறைவாக்கு என்பது நூலிற் கிடந்த பொருளன்று. செவியிற் பழகிய ஒலி. அவ்வொலி மாறியபோது இறைவனே மாறியதாக உணர்ந்தனர். மறுபுறத்தில், யூத மரபின் ஒரு பகுதியினர் சட்டநூல் கிரேக்கமான நாளைப் பொற்கன்று செய்யப்பட்ட நாளைப் போன்ற துன்ப நாளாகக் கருதினர். ஒரே நிகழ்ச்சி ஒரு சாராருக்கு அற்புதம்; மற்றொரு சாராருக்கு அழிவு. அருளைக் காணும் கண் எவருடைய கண் என்ற வினாவை எழுப்பாமல் அருளைப் பற்றிப் பேசவியலாது என்பதற்கு இது தக்க சான்று.

முப்பதாயிரம் பாடபேதங்கள்

ஐரோப்பாவிற் சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் இவ்வினா வேறு வடிவம் பெற்றது. வேதாகமமே அனைத்துக்கும் அளவுகோல் எனக்கொண்ட புரட்டஸ்தாந்தருக்கு அதன் தூய்மை உயிர்நாடியாயிற்று. 1646இல் உருவான வெஸ்ற்மின்ஸ்ரர் விசுவாச அறிக்கை, எபிரேய கிரேக்க மூலங்கள் கடவுளின் தனிப்பட்ட கவனத்தாலும் பராமரிப்பாலும் எக்காலத்தும் தூயனவாகக் காக்கப்பட்டன என்றது. அவ்வறிக்கை அவற்றை மக்கள் மொழிகளிற் பெயர்க்க வேண்டும் என்பதையும் அதே இடத்தில் வற்புறுத்தியது.

1707இல் யோன் மில் என்ற ஒக்ஸ்போட் அறிஞர், முப்பது ஆண்டு உழைப்பின் பயனாகக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். கையெழுத்துப் பிரதிகளிலும் பழைய மொழிபெயர்ப்புகளிலும் அவர் கண்டு குறித்த பாடபேதங்கள் ஏறத்தாழ 30,000. அடியவர் அதிர்ந்தனர். 1710இல் டானியல் விற்பி என்ற குருவானவர், இத்தகைய பட்டியல் நம்பிக்கையைக் குலைக்கும் என மில்லைத் தாக்கினார். அவர் அஞ்சியவாறே, அன்ரனி கொலின்ஸ் என்ற சுதந்திர சிந்தனையாளர் அவ்வெண்ணை எடுத்துக்காட்டி, இத்துணை ஐயத்துக்கு இடமான நூலை எவ்வாறு நம்புவது என வினவினார்.

இருவருக்கும் ஒருசேர விடை கூறியவர் றிச்சாட் பென்ற்லி. 1713இல் அவர் முன்வைத்த வாதம் மூலபாடத் திறனாய்வின் வரலாற்றில் மறக்கவியலாதது. பாடபேதங்களை மில் உண்டாக்கவில்லை; ஏற்கெனவே இருந்தவற்றைக் காட்டினார். பிரதிகள் பலவாக இருப்பதாலேயே பேதங்களும் பலவாகின்றன. ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சிய நூலிற் பாடபேதமே இராது. ஆனால் அந்நூலின் பிழைகளைத் திருத்த வழியுமிராது. பல பிரதிகள் எஞ்சிய நூலிலோ ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

விற்பியும் கொலின்சும் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள். எனினும் இருவருக்கும் பொதுவான ஓர் எடுகோள் இருந்தது. இறைவன் ஒரு நூலைக் காப்பானாயின் அதனை மாசற்ற ஒற்றைப் பிரதியாகவே காப்பான் என்பதே அது. அஃது உள்ளது என ஒருவர் நம்பினார். இல்லை என மற்றவர் காட்டினார். பென்ற்லி அவ்வெடுகோளையே தகர்த்தார். காப்பு என்பது ஒருமையிலன்று, பன்மையிலேயே உள்ளது. பிழையற்ற கையிலன்று, பிழை செய்யும் பல கைகளிலேயே உள்ளது. திருவிடைவாய்க் கல் மௌனமாகக் காட்டும் உண்மையை அவர் தருக்கமாக எடுத்துரைத்தார் எனலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மொழிபெயர்ப்பு

வேதாகமம் தமிழான வரலாறும் இத்தகைய பல கைகளின் வரலாறே. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்றது. ஒல்லாந்தர் ஆட்சியில், கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சேறியது. பப்ரிசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு அவர் மறைந்த பின்னர் 1796இல் நிறைவெய்தியது. கடவுளைக் குறிக்கும் சொல்லே இவ்வரிசையில் மாறிக்கொண்டு வந்தது. சருவேசுரன் என்றார் சீகன்பால்கு. பராபரன் என்றார் பப்ரிசியஸ். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்புத் தேவன் என்றது. 1995இன் பொது மொழிபெயர்ப்புக் கடவுள் என்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓயா நகரத்துச் சபையின் மனவருத்தம் தமிழிலும் ஓரளவு எதிரொலித்திருக்கும் என ஊகித்தல் தவறாகாது.

இவ்வரிசையில் யாழ்ப்பாணத்துக்கு உரிய பங்கு தனித்தன்மை வாய்ந்தது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் உருவாகி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு ஆற்றியவர் ஆறுமுக நாவலர். சிவபூசை தவறாத சைவர் ஒருவர் கிறித்தவ வேதத்துக்குத் தமிழ் தந்தார். அம்மொழிபெயர்ப்பு நிலைபெறவில்லை. பப்ரிசியசின் சொற்களிற் பழகியிருந்த தமிழகத்துப் புரட்டஸ்தாந்த சபைகள் அதனை ஏற்கவில்லை. பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே பின்னர் வழக்கில் நிலைத்தது. எழுத்திலக்கணம் அறிந்த அறிஞரின் தமிழைவிடச் செவிக்குப் பழகிய தமிழே வென்றது.

ஆயின் அந்த உழைப்பு வீணாயிற்று எனக் கூறமுடியாது. மிசன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும், வேதாகமத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்தும் பெற்ற பயிற்சியோடு நாவலர் வெளியேறினார். வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். 1852இல் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார். ஏட்டிற் கிடந்த சைவ நூல்களைப் பிழை களைந்து அச்சேற்றும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டார். அச்சு, உரைநடை, பிரசங்கம் ஆகிய மிசனரிமாரின் கருவிகள் சைவத்தைப் பேணும் கருவிகளாயின.

இங்கு அருளின் கணக்கை எவ்வாறு எழுதுவது? தம் வேதத்துக்கு நல்ல தமிழ் கிடைக்கச் சைவப் புலவரைக் கடவுள் அனுப்பினார் என மிசனரி ஒருவர் கூறலாம். சைவ நூல்கள் அச்சேறுதற்பொருட்டு நாவலரை மிசன் பாடசாலைக்குச் சிவனே அனுப்பினான் எனச் சைவர் ஒருவர் கூறலாம். இரண்டும் ஒரே சான்றின் மேல் நிற்கின்றன; இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. வரலாற்று மாணவன் இரண்டுக்கும் இடையில் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. இரு கதைகளிலும் மாறாது நிற்பது எது என்பதை அவன் நோக்கினாற் போதும். சொல்லுக்காக வருந்தி உழைத்த ஒரு மனிதனே இரு கதைகளிலும் மாறாது நிற்கிறான்.

நெய்யும் நெருப்பும்

நம்பிக்கை நூலைக் காத்த வரலாற்றோடு, நம்பிக்கையே நூலை அழித்த வரலாறும் சேர்த்து நோக்கப்படல் வேண்டும். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்ற உ. வே. சாமிநாதையர், அங்கிருந்த கோயிற் சுவடிகள் நெய்யில் தோய்த்து நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியைக் கேட்டு நொந்தமையைத் தம் சுயசரிதையிற் பதிவு செய்துள்ளார். சிதைந்த ஏடுகளை அவ்வாறு ஆகுதி செய்தல் ஆகம விதி எனக் கொள்ளப்பட்டிருந்தது. அழித்தவர் பகைவரல்லர், பக்தர். ஏட்டைப் புனிதமென மதித்தமையாலேயே அதனைத் தீக்கு அளித்தனர். பழுதான ஏட்டைப் படியெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எழாத இடத்தில், புனிதம் என்ற எண்ணம் தானே கறையானாகிவிடுகிறது.

இவ்விடத்தில் ஈழத்து மாணவனின் நினைவு வேறொரு நெருப்பை நோக்கிச் செல்வது இயல்பு. 1981ஆம் ஆண்டு மே 31 இரவிலும் யூன் முதலாந் திகதியிலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. தில்லையில் ஒலித்த அசரீரியை இச்சாம்பலின் மேல் ஒலிக்கச் செய்யலாமா? இக்காலத்துக்கு வேண்டுவன எஞ்சின, ஏனையவை எரிந்தன என எவரேனும் கூறுவராயின் அது ஆறுதலாகாது. கறையானுக்குக் கருத்தில்லை, தீயிட்ட கைகளுக்குக் கருத்து இருந்தது. மனிதன் பொறுப்பேற்க வேண்டிய அழிவை அருளின் கணக்கில் எழுதுவது, அழித்தவனை மன்னிப்பதைவிடத் தாழ்ந்தது. அவன் செய்ததை இறைவன் செய்ததாக்கிவிடுகிறது. பராமரிப்புக் கோட்பாட்டின் எல்லை இங்கேயே தெளிவாகிறது. இழந்தவன் தன் இழப்பின்மேல் தானே கூறிக்கொள்ளும்போது அது நம்பிக்கை. பிறர் இழப்பின்மேல் அதனைக் கூறும்போது அது கொடுமை.

அந்நூலகத்தின் அழிவு பென்ற்லியின் பாடத்தையும் கசப்பாக நினைவூட்டுகிறது. வேறெங்கும் படியில்லாத சுவடி ஓரிடத்திற் குவிந்திருக்குமாயின், அவ்விடம் எத்துணை அழகிய கட்டடமாயினும் தில்லையின் பூட்டிய அறையே. பிற்காலத்தில், 2005 முதல், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் படியெடுத்து எவரும் எங்கிருந்தும் வாசிக்குமாறு பரப்பி வரும் நூலகம் திட்டம் இப்பாடத்தைக் கற்றுக்கொண்டதன் அறிகுறியாகும். திருவிடைவாயிற் சிற்பி செய்த பணியின் தொடர்ச்சியாகவே அதனைக் கருதவேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், மறைநூல்களை இறைவன் காத்தான் என்ற கூற்று இருவகையாக வழங்கப்பட்டமை புலனாகும். கைகளை மறைத்து அற்புதத்தை வளர்ப்பது ஒரு வகை. தனி அறைகளில் எழுபத்திருவரை அடைத்த கதை அதற்கு எடுத்துக்காட்டு. அது நூலுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினும், நூலைக் காக்கும் பொறுப்பிலிருந்து மனிதனை விடுவித்துவிடுகிறது. காத்தவன் இறைவனாயின் படியெடுக்கவும் ஒப்பிடவும் எவரும் வேண்டியதில்லை அல்லவா?

கைகள் வழியாகவே அருள் இயங்குகிறது எனக் கொள்வது மற்றொரு வகை. தேடிய மன்னன், பண் வகுத்த பாணர் குலப்பெண், கல்லிற் பொறித்த சிற்பி, கலந்துபேசிய முதியோர், பேதங்களைப் பட்டியலிட்ட மில், பிற சமய வேதத்துக்கும் தன் தமிழைக் குறைவின்றித் தந்த நாவலர் ஆகியோர் இவ்வகையில் இடம்பெறுவர். இந்நோக்கை ஏற்கும் அடியவருக்கும் நம்பிக்கையற்ற ஆய்வாளருக்கும் இடையே கோட்பாட்டளவில் வேறுபாடு நீடிக்கலாம். செய்யவேண்டிய பணி எது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இராது.

திருமுறைகண்ட புராணத்தின் மன்னன் அசரீரியைக் கேட்ட பின்னரும் ஓய்ந்துவிடவில்லை என்பதை அக்கதையைப் போற்றுவோர் மறத்தலாகாது. எஞ்சிய ஏடுகளைத் தொகுப்பித்தான். இழந்த பண்ணைத் தேடி அடுத்த ஊருக்குப் புறப்பட்டான்.